மேலே ஏறிய அணிக்குப் புதுக் கோச்: பினாங்கு, கோலாலம்பூர் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியக் காற்பந்தில் 2020ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது பினாங்கும் கோலாலம்பூரும் ஒன்றாக இரண்டாம் பிரிவிலிருந்து சூப்பர் லீக்குக்கு ஏறின. ஏற்றிவிட்ட உள்ளூர்ப் பயிற்றுநரை இரண்டு அணிகளுமே தலைமைப் பொறுப்பில் தொடரவிடவில்லை. ஆளுக்கு ஒரு ஐரோப்பாக்காரரைக் கொண்டுவந்தன. அது சரியா தவறா என்ற பேச்சு பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் இன்னும் ஓயவில்லை. இங்கிலாந்து ஆட்டம் பார்க்க மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தாலும், அங்கே ஏதாவது ஒரு புது அணி கோச்சை மாற்றிவிட்டால் பேச்சு 2021க்குத் திரும்பிவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். மலேசியாவில் 2022 வரை பிரிமியர் லீக் என்றால் இரண்டாம் பிரிவு, சூப்பர் லீக்தான் முதல் பிரிவு. இங்கிலாந்தில் பிரிமியர் லீக்தான் உச்சி.

ஏற்றிவிட்டவரையே ஏன் மாற்ற வேண்டும் அண்ணே? அது நன்றி கெட்ட வேலை இல்லையா?

எப்போதும் கிளப்தான் அனுப்புகிறது என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் அவரே போய்விடுகிறார்.

நன்றாகச் செய்தவரைப் பெரிய கிளப் கண் வைத்துவிடும். 2024இல் லெஸ்டர் சிட்டியை இரண்டாம் பிரிவின் வெற்றியாளராக மேலே கொண்டுவந்த என்ஸோ மரெஸ்காவைச் செல்சி அழைத்துக்கொண்டது. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2018இல் ஃபெல்டா யுனைடெட்டை பிரிமியர் லீக் வெற்றியாளராக்கிய பி. சத்தியநாதன் அடுத்த பருவம் சிலாங்கூருக்குப் போனார். 2019இல் சிலாங்கூர் மூன்றாவது இடம். ஏறி வந்த ஃபெல்டாவோ புது ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு வகை, ஒப்பந்தப் பேச்சு முறிந்து போவது. வாட்ஃபர்டை 2015இல் ஏற்றிய ஸ்லவிஷா யோகனோவிச்சுக்கும் கிளப்புக்கும் உடன்பாடு வரவில்லை. கீக்கே சாஞ்சஸ் ஃப்ளோரஸ் வந்தார். அந்த அணி 13ஆவது இடத்தில் முடித்தது, எஃப்.ஏ. கிண்ணத்தில் அரையிறுதி வரை போனது. அப்படியும் ஒரே பருவத்தில் அவரும் போய்விட்டார்.

மூன்றாவது வகைதான் மனத்தை உறுத்துவது. ஆள் இருக்கிறார், போகவும் நினைக்கவில்லை, ஆனால் மேல் பிரிவுக்கு இவர் போதாது என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. பினாங்கும் கோலாலம்பூரும் எடுத்தது அந்த முடிவுதான். நன்றி கெட்ட வேலை என்ற கோபம் எனக்கும் முதலில் வந்தது. ஆனால் கீழ்ப் பிரிவில் பந்து பெரும்பாலும் நம் காலில் இருக்கும், மேல் பிரிவில் எதிரணி காலில் இருக்கும். பந்து இல்லாத நேரத்தில் பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது தனி வித்தை. ஒருவருக்கு முதல் வேலை நன்றாக வந்ததால் இரண்டாவதும் வரும் என்று சொல்ல முடியாது. 2024இல் ரசல் மார்ட்டின் சவுதாம்டனை எந்த ஆட்டமுறையால் ஏற்றினாரோ அதையே மேலேயும் ஆடவைத்தார். டிசம்பரில் பதவி போனது. அந்தப் பருவத்தை சவுதாம்டன் 12 புள்ளிகளுடன் முடித்தது.

2020இல் நம் இரண்டு அணிகளிலும் உண்மையில் என்ன நடந்தது?

பெருந்தொற்றால் அந்த ஆண்டு லீக் 11 ஆட்டங்களாகச் சுருங்கியது. மன்சூர் அஸ்வீராவின் கீழ் பினாங்கு முதலிடம். இரண்டாவது வந்த திரங்கானு இரண்டாம் அணிக்கு ஏறும் உரிமை கிடையாது, அது ஒரு சூப்பர் லீக் கிளப்பின் துணை அணி. அதனால் மூன்றாவது இடத்தில் இருந்த கோலாலம்பூர், நிசாம் அட்ஸாவின் கீழ், ஏறியது. மலேசியக் கிண்ணப் போட்டி பாதியில் கைவிடப்பட்டது. ஆக, 2020 அக்டோபரில் லீக் முடிந்ததிலிருந்து 2021 மார்ச் 5ஆம் தேதி புதுப் பருவம் தொடங்கும் வரை கோச் தேடுவதற்கு நிர்வாகங்களுக்கு நிறைய நேரம் கிடைத்தது. இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

பினாங்கு செக் நாட்டுக்காரரான தோமாஸ் துருஹாவைக் கொண்டுவந்தது. கோலாலம்பூர் குரோஷியாக்காரரான போயன் ஹோடாக்கை எடுத்தது.

2021 முடிவில் பினாங்கு சூப்பர் லீக்கில் மூன்றாவது! ஜொகூர் டாருல் தாக்சிம், கெடா, அதற்கு அடுத்து நாம். 2017இல் கடைசி இடத்தில் கீழே விழுந்து, மூன்று பருவம் இரண்டாம் பிரிவில் கிடந்த அணி அது. அந்த ஆண்டு அரங்கத்துக்குள் போவதே அரிதாக இருந்தது, பெரும்பாலான ஆட்டங்களை வீட்டில்தான் பார்த்தேன். நம் சொந்த அரங்கமான சிட்டி ஸ்டேடியம் நிரம்பி வழிந்து கொண்டாடியிருக்க வேண்டிய பருவம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கோலாலம்பூர் லீக்கில் ஆறாவதுதான். ஆனால் 2021 நவம்பர் 30ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரை 2-0 என வீழ்த்தியது. ஸாஃப்ரி யாஹ்யா ஒன்று, கேப்டன் பாவ்லோ ஜோசுவே ஒன்று. 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற பிறகு 32 ஆண்டு காத்திருந்து வந்த கிண்ணம். 1989இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இதில் பினாங்குக்காரனாக எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூன்றாவது வந்த நமக்கு ஆசியக் கிளப் போட்டிகளில் இடம் இல்லை. கிண்ணம் வென்றதால் ஆறாவது வந்த கோலாலம்பூர் 2022 ஏ.எஃப்.சி. கிண்ணத்துக்குப் போனது. கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானை 3-1 என வென்று இறுதியாட்டம் வரை வந்து, ஓமானின் அல் சீப்பிடம் தோற்றது. தோற்றாலும் எங்கேயிருந்து எங்கே வந்தார்கள் பாருங்கள். இரண்டே ஆண்டு!

பெயர் பெற்ற ஆளா, நம் லீக் தெரிந்த ஆளா? எது முக்கியம்?

என் வாக்கு லீக் தெரிந்தவருக்கே. ஹோடாக்கை வைத்தே சொல்கிறேன்.

கோலாலம்பூருக்கு வரும்போது ஹோடாக் இந்த நாட்டுக்குப் புதியவர் இல்லை. 2012இல் கிளந்தானுக்கு லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் வாங்கிக்கொடுத்தவர். ஜொகூரில் இருந்தார். 2018இல் 19 வயதுக்குட்பட்ட தேசிய அணியை ஆசியான் வெற்றியாளராக்கினார். அந்த இளைஞர் அணி வேலையால், நாட்டில் எந்த வயதில் எந்தப் பையன் எங்கே ஆடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். காசு குறைந்த, புதிதாக ஏறிய கிளப்புக்கு அந்தத் தகவல் தங்கம்.

நம் லீக்கில் வேலை செய்வது தனிக் கலை. ஒரு வாரம் சபாவுக்கு விமானம், அடுத்த வாரம் பேருந்து. மாலை மழையில் திடல் குளமாகிவிடும். நோன்பு மாதத்தில் ஆட்டம் இரவு பிந்தித் தொடங்கும். பாதி அணி பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கும். அந்த வாரங்களில் பயிற்சியை எந்த நேரத்துக்கு மாற்றுவது, எவ்வளவு குறைப்பது என்பதைப் புது ஆள் ஒரு பருவம் தடுமாறித்தான் கற்றுக்கொள்வார்.

அப்புறம் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒதுக்கீடு. 2021இல் ஆசியக்காரர் ஒருவருக்கும் ஆசியான் நாட்டுக்காரர் ஒருவருக்கும் தனி இடம் இருந்தது. பினாங்கு அந்த ஆசியான் இடத்தை இந்தோனேசியத் தற்காப்பாளர் ரியூஜி உத்தோமோவுக்குக் கொடுத்தது. கோலாலம்பூரோ பிலிப்பைன்ஸ் கோல் காவலர் கெவின் மெண்டோசாவை எடுத்தது. மெண்டோசா நின்ற கோல் கம்பத்துக்குள் ஜொகூரின் நட்சத்திரத் தாக்குதலால் இறுதியாட்டத்தில் ஒரு பந்தைக்கூடப் போட முடியவில்லை. வெளிநாட்டு இடம் என்றால் கோல் அடிப்பவருக்கு என்று கை தானாகப் போகும். அதைத் தடுத்துக் கோல் காவலருக்குக் கொடுக்க, தன் அணி எந்த மாதிரி ஆட்டங்களை ஆடப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் துருஹா? நம்மில் பலர் அதுவரை கேள்விப்படாத பெயர், ஆனால் முதல் ஆண்டில் ஹோடாக்கைவிட மேலே முடித்தார். ஆகவே என் வாக்கைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்சூர் கட்டிவைத்த அணியின் முதுகெலும்பு அங்கே அப்படியே இருந்தது: பின்னால் ராஃபாயல் வித்தோர், முன்னால் கசாகிராண்டே. புதியவர் அதைக் கலைக்கவில்லை. அது அவருடைய புத்திசாலித்தனம்.

எவ்வளவு சீக்கிரம் ஆளைப் பிடிக்க வேண்டும்?

பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முன். அதற்குப் பிறகு வருபவர் வேறொருவர் வாங்கிய காய்கறியில் சமைக்க வேண்டிவரும்.

இங்கிலாந்தில் பிளேஆஃப் (ஏறும் கடைசி இடத்துக்கான கூடுதல் ஆட்டங்கள்) வழியாக ஏறும் அணிக்கு மே மாதக் கடைசியில்தான் முடிவு தெரியும், ஆகஸ்ட் நடுவில் பருவம் தொடங்கிவிடும். 2016இல் ஹல் சிட்டி இப்படி ஏறியது. ஸ்டீவ் புரூஸ் ஜூலை 22ஆம் தேதி விலகினார். மூன்று வாரத்தில் முதல் ஆட்டம், அதுவும் நடப்பு வெற்றியாளரான லெஸ்டரோடு. துணையாக இருந்த மைக் ஃபீலன் தற்காலிகமாக நின்று அந்த ஆட்டத்தை 2-1 என வென்றார், ஊரே ஆடியது. ஆனால் அவரை நிரந்தரமாக்கவே அக்டோபர் ஆகிவிட்டது. ஜனவரியில் அவர் நீக்கப்பட்டு மார்கோ சில்வா வந்தார். ஆட்டம் தேறியது, நாள் போதவில்லை. 18ஆவது இடம், இறக்கம். அந்த ஜூலையில் தொலைத்த வாரங்களை ஜனவரியில் வாங்க முடியாது.

கோச்சை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சங்கமா, முதலாளியா?

2021 பருவத்துக்கு முன் மாநிலக் காற்பந்து சங்கங்களிலிருந்து தொழில்முறை அணிகளைப் பிரித்துக் கிளப்புகளாக நடத்த வேண்டும் என்று விதி வந்தது. பினாங்கு எஃப்.சி., கோலாலம்பூர் சிட்டி என்ற பெயர்கள் அப்போது வந்தவைதான். அதனால் அந்த இரண்டு தேர்வுகளும், அலுவலகமே இடம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தவை. இன்று கிளப்பின் இயக்குநர் குழுதான் முடிவெடுக்கிறது. ஆனால் பணத்தில் மாநில அரசின் கை இருக்கும்வரை அரசியல் காற்றும் உள்ளே வரும். ஆட்சி மாறினால் கோச் மாறுவாரா என்று ரசிகர்கள் கேட்பதில் தப்பில்லை.

தலைமைப் பயிற்றுநராக என்ன லைசென்ஸ் வேண்டும்?

ஆசியாவில் சி, பி, ஏ, புரோ என்று படிகள். உச்சிப் படியான புரோ இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். அந்தப் படிப்புக்குப் பணமும் நாளும் நிறையச் செலவாகும். வேலையில் இருந்துகொண்டே ஏறுவது கடினம்.

நம் தமிழ்ப் பயிற்றுநர்களுக்கு இந்தத் தேடலில் இடம் இருக்கிறதா?

இருக்க வேண்டும் என்று உரக்கச் சொல்வேன், இரக்கத்தால் இல்லை, சாதனையால்.

23 வயதுக்குட்பட்ட அணிக்கு 2009 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கமும் தேசிய அணிக்கு 2010 ஆசியான் கிண்ணமும் வாங்கிக்கொடுத்தவர் கே. ராஜகோபால். 2010இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் வாங்கிக்கொடுத்தவர் பி. சத்தியநாதன். ஃபெல்டாவை மேலே ஏற்றியதைச் சொன்னேன். புதிதாக ஏறிய கிளப்புக்கு வேண்டிய அத்தனை அனுபவமும் அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருந்தது. கீழ்ப் பிரிவும் தெரிந்திருந்தது, மேல் பிரிவும் தெரிந்திருந்தது, மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் உடைமாற்றும் அறையில் பேச முடிந்தது. வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லும் கோபம் பாதி தூரத்திலேயே ஆறிவிடும்.

எனக்குப் பெரிய கவலை இனிமேல் வருபவர்களைப் பற்றித்தான். எழுபதுகளில் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் இருந்த தேசிய அணியில் நம் பெயர்கள் வரிசையாக இருந்தன. ரப்பர் தோட்டத் திடல்களில் மாலைதோறும் ஆடிய கூட்டத்திலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள், அவர்களிலிருந்து பயிற்றுநர்கள் வந்தார்கள். தோட்டங்கள் போன பிறகு அந்தத் திடல்களும் போயின. கோலாலம்பூரின் 2021 அணியில் மத்தியத் திடலில் கென்னி பால்ராஜ் இருந்தார். அவரைப் போன்றவர்கள் ஆடி முடித்ததும் பி, ஏ லைசென்ஸ் என்று ஏற வேண்டும். அதற்கு இப்போதே யாராவது அவர்களைப் பிடித்துப் பயிற்சிக் குழுவில் உட்காரவைக்க வேண்டும். கிளப் புதுக் கோச்சோடு ஒப்பந்தம் போடும்போது உதவிப் பயிற்றுநர் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் செலவே இல்லை.

ஏற்றிவிட்ட பழைய கோச்சை என்ன செய்வது?

மரியாதையாக, வேலையோடு, பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022இல் துருஹா போனபோது பினாங்கு கூப்பிட்டது மன்சூரைத்தான்.

பருவத்தின் நடுவில் மாற்றினால் பிழைக்கலாமா?

மாற்றி வென்றவர்களும் உண்டு, விழுந்தவர்களும் உண்டு. 2013 ஜனவரியில் சவுதாம்டன், இரண்டு முறை அடுத்தடுத்து ஏற்றிவிட்ட நைஜல் அட்கின்ஸை நீக்கியது. ஆங்கிலமே சரியாகப் பேசாத மவுரிசியோ பொச்செட்டினோ வந்தபோது இங்கிலாந்தே திட்டியது. 14ஆவது முடித்தார்கள், அடுத்த ஆண்டு எட்டாவது. 2022இல் போர்ன்மத் நான்கே ஆட்டத்தில், லிவர்பூலிடம் 9-0 என்று தோற்றதும், ஸ்காட் பார்க்கரை அனுப்பியது. உள்ளே இருந்த கேரி ஓநீல் 15ஆவது இடத்தில் காப்பாற்றிக்கொடுத்தார். ஆனால் லெஸ்டரைப் பாருங்கள். மரெஸ்கா போனபின் வந்த ஸ்டீவ் கூப்பரை 2024 நவம்பரில், அணி 16ஆவது இடத்தில் இருக்கும்போதே நீக்கினார்கள். ரூட் வான் நிஸ்டல்ரோய் வந்தார். 18ஆவது, இறக்கம்.

பொச்செட்டினோவை எடுத்தவர்களுக்கு அவர் எப்படி ஆடவைப்பார், அந்த ஆட்டம் தங்கள் பையன்களுக்கு வருமா என்பது தெரிந்திருந்தது. ஓநீலுக்குப் பையன்களை ஏற்கனவே தெரியும். லெஸ்டரில் ஒவ்வொரு முறையும் வேறு ஆட்டமுறை, வேறு மாதிரி ஆள். என்னைக் கேட்டால் விழுந்த காரணம் அதுதான்.

கோச்சை வைத்துக்கொண்டவர்களும் விழுகிறார்களே?

ஆமாம். 2023-24இல் பர்ன்லி, லூட்டன், ஷெஃபீல்ட் யுனைடெட்; 2024-25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்டன். இரண்டு ஆண்டும் ஏறிய மூன்றுமே இறங்கின. இப்ஸ்விச்சும் லூட்டனும் பர்ன்லியும் பருவம் முழுக்க ஏற்றிவிட்டவரையே வைத்திருந்தன. பணத்தின் இடைவெளி அங்கே அவ்வளவு. கோச் ஒருவரால் அதை முழுக்க மூட முடியாது.

மூன்றாவது வந்த பினாங்கு அடுத்த ஆண்டே ஏன் கடைசிக்குப் போனது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் தயங்கிக் கேட்கிறார்கள். 2022இல் துருஹாவின் தொடக்கம் சரியில்லாமல் போனது, அவர் போனார், மன்சூர் பொறுப்பேற்றார், அப்புறம் ஸைனல் அபிடின் ஹசான். ஒரே பருவத்தில் மூன்று குரல். 12 அணிகளில் 12ஆவது இடம். அடுத்த ஆண்டு லீக் விரிவாக்கப்பட்டதால்தான் இறங்காமல் தப்பினோம்.

என் கணிப்பைச் சொல்கிறேன். முதல் ஆண்டு நம்மை யாரும் பொருட்படுத்தவில்லை; எதிரணிகள் பந்தோடு முன்னேறி வந்தார்கள், நாம் அவர்களுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் ஓடினோம். மூன்றாவது வந்த பிறகு எதிரணி பின்னாலேயே நின்றது. அப்போது பந்தை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கும் வித்தை வேண்டும். அதற்கு வேறு ஆட்டக்காரர்கள் வேண்டும். 2020 கடைசியில் கோச்சைத் தேடியபோது, மேலே நிலைப்பதைப் பற்றி மட்டும் யோசித்திருப்பார்கள். நன்றாகப் போய்விட்டால் அதற்கு அடுத்து என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹோடாக்கின் இரண்டாம் ஆண்டு ஏன் வேறு மாதிரி போனது? அவருடைய தற்காப்பு ஆட்டம் ஆசியப் போட்டிக்கு அப்படியே பொருந்தியது. எதிரணிகள் பெரியவை, முன்னேறி வந்தார்கள். அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை.

கோச் வேலைக்கு வருபவர் கிளப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

சம்பளம் மாதம் தவறாமல் வருமா என்று. தனக்கு மட்டுமல்ல, ஆட்டக்காரர்களுக்கும். மலேசியக் காற்பந்தின் பழைய நோய் இது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கும் அறையில் எந்த ஆட்டமுறையும் காதில் ஏறாது. வீட்டு வாடகை கட்ட முடியாத பையனிடம் இன்னும் பத்து மீட்டர் ஓடு என்று எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது ஏற்ற இறக்கமே இல்லையே, இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்?

2023 முதல் இரண்டாம் பிரிவாக இருந்த பிரிமியர் லீக் நடப்பதில்லை, உண்மைதான். ஆனால் புதிய அணிகள் மேலே வருவது நிற்கவில்லை. 2025-26 பருவத்தில் இமிகிரேஷன் எஃப்.சி.யும் மலாக்காவும் சூப்பர் லீக்குக்கு வந்தன. அவர்கள் முன்னாலும் அதே மேசை, அதே நாற்காலி, அதே கேள்வி.

பினாங்கு அடுத்த முறை கோச் தேடும்போது உங்களை உட்காரவைத்து ஒரே கேள்வி கேட்கச் சொன்னால்?

"இந்த ஆண்டு நாம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எல்லா அணிகளும் சிட்டி ஸ்டேடியத்துக்கு வந்து பத்துப் பேரைப் பின்னால் நிறுத்துகிறார்கள். அப்போது யாரை ஆடவைப்பீர்கள்?"

பதிலில் இரண்டு மூன்று பினாங்குப் பையன்களின் பெயரைச் சொன்னால், அவர் வருவதற்கு முன்பே நம் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் பேனாவைக் கொடுத்துவிடலாம்.